கண்ணாடிக்கு இருபுறமும் ஒரு மெழுகுவர்த்தி

போன மாதம் ஒரு சாயங்காலம் ஷீபா என் போனுக்குப் படங்களாக அனுப்பித் தள்ளினாள். ஒன்றைத் திறந்து பார்ப்பதற்குள் அடுத்தது வந்து விழுந்தது. பஞ்சு ஒட்டிய ஆட்டுக்குட்டி, அட்டை உருளையில் செய்த மூன்று ஞானிகள், ஐஸ்கிரீம் குச்சியில் கட்டிய மாட்டுத்தொழுவம், காலுறையில் செய்த பனிமனிதன். கடைசியில் ஒரு குரல்பதிவு.

"ஆன்ட்டி, சண்டே கிளாஸ் பசங்களுக்கு அட்வென்ட் கிராஃப்ட் வேணும். நெட்ல தேடினா ஆயிரம் வருது. இதுல எது அச்சா இருக்குன்னு ஜல்தி சொல்லுங்க, நான் இன்னைக்கே ஆர்டர் போடணும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. படங்களின் மேல் இல்லை, சீக்கிரம் என்கிற அந்த 'ஜல்தி'யின் மேல். அட்வென்ட் என்றாலே காத்திருக்கிற காலம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள். வாரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தியாக, ஊதா மூன்று, ரோஸ் ஒன்று என்று ஏற்றிக்கொண்டே போய்ப் பண்டிகையில் சேருவோம். காத்திருக்கக் கற்றுக்கொடுக்கிற கைவேலையை இன்றைக்கே ஆர்டர் போட வேண்டுமாம். ஆனாலும் பிள்ளை என்னைக் கேட்டாளே என்று மனசு ஆறிவிட்டது. பதில் எழுத உட்கார்ந்தேன். அது வாட்ஸ்அப்பில் அடங்குகிற பதிலாக இல்லை.

ஷீபா டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். குர்காவ்னில் வேலை. எங்கள் தமிழ்ச் சபையின் சிறுவர் ஞாயிறு வகுப்பை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டவள். நான் ரெஜினா. வாரநாட்களில் ஒரு தமிழ்ப் பள்ளியில் கைவேலை டீச்சர், ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் கைவேலை டீச்சர். முப்பது வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது. இரண்டு இடத்திலும் கத்தரிக்கோல், பசை, மூக்கொழுகும் பிள்ளைகள். ஒன்றுக்குச் சம்பளம் உண்டு, மற்றதற்கு டீயும் பிஸ்கெட்டும். இப்போது இரண்டிலிருந்தும் ஓய்வு பெற்று ஜனக்புரியில் வெயில் காய்ந்துகொண்டிருக்கிறேன். சௌகரியமாகத்தான் இருக்கிறது.

ஆசிரியப் பயிற்சி எனக்குப் பாளையங்கோட்டையில். பனையோலைப் பெட்டி, தென்னங்கீற்றுக் கிளி, களிமண் யானை என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். கல்யாணமாகி டெல்லிக்கு வந்தால் இங்கே பனையோலைக்கு எங்கே போக? படித்ததில் முக்கால்வாசி முதல் மாதத்திலேயே விலைபோகாத சரக்காகிவிட்டது. மிச்சம் நின்றது கத்தரிக்கோல் பிடிக்கிற விதமும் பொறுமையும். அதிலும் பொறுமை எனக்குப் பிறவியிலேயே குறைச்சல்.

முதல் வருஷம் ஊதாக் காகிதம் வாங்க சதர் பஜாருக்குப் போனேன். தீபாவளி முடிந்து கடைக்காரர்கள் மிஞ்சிய ஜிகினாவை வாரிக்கொடுக்கிற சமயம். அட்வென்டுக்கு அலங்காரச் சாமான் வாங்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஊதாவுக்கு இந்தியில் 'பைங்கனி', கத்தரிக்காய் நிறம். அந்த ஒரு வார்த்தையைப் பஸ் முழுக்க உருப்போட்டுக்கொண்டு போய்ச் சொன்னேன். கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "ஷாதி கா சீசன் ஹை மேடம், லால் லே லோ" என்றார். கல்யாண சீசனாம், சிவப்பை வாங்கிக்கொள்ள வேண்டுமாம். கடைசியில் வாய்ப்புண்ணுக்குத் தடவுகிற ஊதா மருந்தை மருந்துக் கடையில் வாங்கி, தண்ணீரில் கலந்து, வெள்ளைத் தாளுக்குச் சாயம் ஏற்றினேன். தாளும் ஊதாவாயிற்று, பிள்ளைகளின் விரலும் ஊதாவாயிற்று. கிறிஸ்துமஸ் ஆராதனை வரைக்கும் அந்த விரல்களோடுதான் பாட்டுப் பாடினார்கள். தாய்மார்கள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

அந்தச் சமயத்தில்தான் சாமுவேல் சாரின் கையில் மாட்டினேன். ஞாயிறு வகுப்புக்கு அவர்தான் கண்காணிப்பாளர். திருநெல்வேலிக்காரர், ஆறடிக்குக் குறையாத உயரம். உத்தியோகம், ராணுவத்துக்கு வாங்குகிற பூட்ஸ், பித்தான், பெல்ட் இவற்றைச் சோதித்துத் தேறும் தேறாது என்று சொல்கிற அரசாங்க ஆபீஸில். அந்தப் புத்தியை ஞாயிற்றுக்கிழமையும் கழற்றி வைக்க மாட்டார். அட்வென்ட் வருவதற்கு ஒரு மாதம் முன்பே நான் மாதிரிகளைச் செய்து அவர் வீட்டு மேஜையில் வைக்க வேண்டும். மனைவி கொண்டுவருகிற காப்பியைக் குடித்து முடித்த பிறகுதான் தொடுவார்.

முதலில் மாதிரியை மின்விசிறிக்கு நேர் கீழே கட்டித் தொங்கவிடுவார். விசிறியை முழு வேகத்தில் வைப்பார். அது ஆடிச் சுழன்று கிழியாமல் இருந்தால் கீழே இறக்கி, தன் தோல்பைக்குள் வைத்து, பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூடத்தில் நடப்பார். அது பஸ் சோதனை. எங்கள் பிள்ளைகள் அப்போது கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு டிடிசி பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போவார்கள். தோல்பைக்குள் உயிர் தப்பியது மேஜைக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"பிள்ள இத வீட்டுக்குக் கொண்டு போச்சுன்னு வையி. மறுநாள் காலைல அம்மைக்காரி இத என்ன செய்வா?"

"பத்திரமா எடுத்து வைப்பா சார்."

"எங்க?"

இந்த 'எங்க'வில்தான் என் மாதிரிகள் பாதி செத்துப்போகும். இரண்டு அறை குவார்ட்டர்ஸ். அலமாரி மேல் ட்ரங்குப் பெட்டி, ட்ரங்குப் பெட்டி மேல் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை. வைக்க இடமில்லாததைச் செய்யாதே என்பது அவர் கட்சி. மனம் குளிர்ந்தால் அவர் சொல்கிற அதிகபட்சப் பாராட்டு, "பாதகமில்ல." அதை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது எனக்குத் தலைகால் புரியாது.

அவரும் சறுக்கியதுண்டு. ஒரு வருஷம் அட்டையில் குட்டிக் கதவுகள் வைத்த நாள்காட்டி செய்தோம். தினம் ஒரு கதவைத் திறந்தால் உள்ளே ஒரு படம், கிறிஸ்துமஸ் அன்றைக்குக் குழந்தை இயேசு. பாட்டில் பசை எதற்கு, நம் ஊர் மாதிரி மைதா மாவில் காய்ச்சிக்கொள்ளலாம் என்று சாமுவேல் சார் தீர்மானம் போட்டார். நானும் அடுப்பில் கிளறிக் கிளறிப் பக்குவமாகக் காய்ச்சினேன். விசிறி, பஸ் எல்லாவற்றிலும் தேறியது. டெல்லிக் குளிரில் குவார்ட்டர்ஸ் எலிகள் வீட்டுக்குள் வந்துவிடும் என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. முதல் வாரத்திலேயே வீட்டுக்கு வீடு எலிகள் எல்லாக் கதவையும் திறந்துவிட்டன. அடுத்த ஞாயிறு ஒரு சின்னப் பையன் தேம்பிக்கொண்டே, "டீச்சர், எங்க வீட்ல சூஹா கிறிஸ்துமஸ் கொண்டாடிடுச்சு" என்றான். சாமுவேல் சார் சிரிக்கவில்லை. அடுத்த வருஷம் முதல் பாட்டில் பசை.

ஷீபாவுக்கு இதையெல்லாம் எழுதிவிட்டு, அவள் கேட்டதற்கும் பதில் எழுதினேன். படத்தைப் பார்த்துக் கைவேலை தேடாதே தாயி, பிள்ளையைப் பார்த்துத் தேடு, எந்தப் பிள்ளை எந்த வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகப்போகிறது என்று பார், ஆர்டரை நாளைக்குப் போடலாம் என்று. அவள் ஒரு கைகூப்பும் பொம்மையை அனுப்பினாள். புரிந்ததோ என்னவோ. புரியும்படி சொல்ல வேண்டுமானால் நிவேதாவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். என் வேலைக்காலத்திலேயே கைவேலை தேடி நான் அதிகம் அலைந்தது அந்த ஒரு பிள்ளைக்காகத்தான்.

கொரோனாவுக்குச் சில வருஷங்களுக்கு முன்னால் நடந்தது இது. நிவேதா எங்கள் சபைப் பிள்ளை இல்லை. நாமக்கல் பக்கத்துக் குடும்பம். ரத்தத்தில் கோளாறு, டெல்லியின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வைத்தியம். தாய்மாமன் மத்திய சர்க்காரில் கிளார்க், லக்ஷ்மிபாய் நகரில் குவார்ட்டர்ஸ். அம்மா சாந்தியும் நிவேதாவும் அங்கே தங்கியிருந்தார்கள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் எங்கள் சபைக் குடும்பம், அந்தப் பிள்ளைகளோடு வாயில் மாஸ்க் கட்டிக்கொண்டு என் வகுப்புக்கு வந்து உட்கார்ந்தாள். பக்தியெல்லாம் காரணமில்லை. வீட்டில் யாரும் அவளைக் கத்தரிக்கோல் தொட விடவில்லை. கீறினால் ரத்தம் நிற்காதே என்று பயம். நான் முனை மழுங்கிய சின்னக் கத்தரியைக் கொடுத்தேன். சாந்தி பக்கத்திலேயே உட்கார்ந்து மகளின் விரலை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள். பிள்ளை நிதானமாக, கோட்டை விட்டு இம்மியும் விலகாமல் வெட்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் அந்த நிதானத்தை நான் பார்த்ததில்லை.

நவம்பரில் ஒரு ஞாயிறு, வரப்போகிற நாலு மெழுகுவர்த்தியைப் பற்றி வகுப்பில் சொன்னேன். வகுப்பு முடிந்ததும் நிவேதா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"டீச்சர், என்னைய ஆஸ்பத்திரில சேர்க்கப் போறாங்க. நான் இல்லாம அதச் செஞ்சுடாதீங்க."

"செய்ய மாட்டேன் பிள்ளே" என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரம், பத்து நாளில் வந்துவிடுவாள் என்று என் நினைப்பு. அப்புறம்தான் சாந்தி விவரம் சொன்னாள். ஊரிலிருந்து தம்பியை வரவழைத்து, அவன் எலும்பு மஜ்ஜையை எடுத்து அக்காளுக்கு ஏற்றப் போகிறார்கள். அதற்கு முன்னால் மருந்து கொடுத்து இவள் உடம்பிலுள்ள எதிர்ப்புச் சக்தியை அடியோடு அழித்துவிடுவார்கள். தம்பியுடையது பிடித்து வளர வேண்டும். பிடிக்கிற வரைக்கும் வாரக்கணக்கில் கண்ணாடி அறை, கூட அம்மா மட்டும் இருக்கலாம். தூசு, பூ, பழம், காகிதம் ஒன்றும் உள்ளே போகக் கூடாது. பிடித்துக்கொள்ளுமா என்று கேட்டதற்கு டாக்டர்கள் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்களாம்.

நான் விடவில்லை. அவளைச் சேர்த்த அன்றே பள்ளிக்கூடம் விட்டதும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தப் பிரிவுக்கு அன்னம்மா என்று ஒரு மலையாளி சிஸ்டர் தலைமை. நான் துணியில் செய்த நாலு மெழுகுவர்த்தியைக் கொண்டுபோயிருந்தேன், சாந்தி ஊர்க் கோயில் திருநீற்றைப் பொட்டலமாக மடித்து வைத்திருந்தாள். சிஸ்டர் இரண்டையும் சேர்த்து ஒரே பார்வையாகப் பார்த்தார்.

"ரெண்டும் பற்றில்ல" என்றார். முடியாது என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

"துளியூண்டு துன்னூறுங்க சிஸ்டர். நெத்தில வெச்சுட்டு எடுத்துடறேனுங்க" என்றாள் சாந்தி.

"பொடி இல்லே அது? பற்றில்ல."

உள்ளே போக விடாத சாமான்களைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் அந்த வராந்தாவில் நின்றோம். சாந்திக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது. மறுநாள் பிளாஸ்டிக்கில் செய்துகொண்டு போனேன், மடிப்பில் அழுக்கு தங்கும் என்றார். லேமினேட் செய்துகொண்டு போனேன், ஓரம் பிரியும் என்றார். நூல் கூடாது, ஸ்பாஞ்ச் கூடாது. "நீங்க பிள்ளைகளப் பெத்து வளர்த்தவங்கதானே" என்று கேட்டே விட்டேன். அவர் முகம் மாறவில்லை. "அதுகொண்டுதான் டீச்சரே, பற்றில்ல" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் சொன்னதும் நியாயம்தான். எனக்குத்தான் முதல் அட்வென்ட் ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது.

சாமுவேல் சார் அப்போது ரிட்டயர் ஆகி நாளாகியிருந்தது. ஆனாலும் கண்காணிப்பாளர் நாற்காலியை விடவில்லை. அவரிடம் போய்ப் புலம்பினேன். முழுக்கக் கேட்டார்.

"நீ போய் இது கூடுமா, அது கூடுமான்னு கேட்டுட்டு வாறே. அவுக கூடாதுன்னு சொல்லத்தான் செய்வாக. அவுக வேலையே அதுதானே. உள்ள ஏற்கெனவே என்ன இருக்குன்னு கேட்டியா?"

கேட்கவில்லை. மறுநாள் அவரே ஸ்வெட்டர், மப்ளர், ஷூ சகிதம் என்னோடு வந்தார். சிஸ்டர் முன்னால் நின்று பூட்ஸ் கம்பெனிக்காரனிடம் கேட்கிற தோரணையில் கேட்டார். சிஸ்டருக்கு அது பிடித்திருந்தது போலும், விரல் விட்டுச் சொன்னார். கட்டில், மருந்து மாட்டுகிற ஸ்டாண்ட், வெளியே இருப்பவர்களோடு பேசுகிற போன், ஒரு வெள்ளைப் பலகை, பிள்ளை குடித்த தண்ணீரின் அளவை அதில் எழுதுவதற்கு ஒரு நீல மார்க்கர். கட்டிலை ஒட்டி வராந்தாப் பக்கம் பெரிய கண்ணாடிச் சுவர். தினம் காலையில் பலகை, மார்க்கர், கண்ணாடி எல்லாவற்றையும் மருந்து போட்டுத் துடைப்பார்கள்.

கண்ணாடி என்றதும் எனக்குப் பொறி தட்டியது. படத்தைப் பிரதி எடுக்க வேண்டுமானால் நாங்கள் ஜன்னல் கண்ணாடியில் ஒரு தாளை ஒட்டி, அதன் மேல் இன்னொரு தாளை வைத்து வரைவோம். கண்ணாடிக்கு இரண்டு பக்கம் உண்டு என்று கைவேலைக்காரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"சிஸ்டர், வெளிப்பக்கம் நான் காகிதம் ஒட்டினா?"

"வெளியில எந்து ஒட்டிச்சாலும் எனிக்கு ஒண்ணும் இல்ல."

"உள்பக்கம் அவ மார்க்கர்ல ஒரு சின்னப் படம் போட்டா?"

சிஸ்டர் கொஞ்சம் யோசித்தார். "துடைச்சா போகும் அல்லே? போட்டோட்டே" என்றார்.

முதல் ஞாயிறு வகுப்பில் பிள்ளைகள் ஊதா மெழுகுவர்த்தி வெட்டினார்கள். திரி வரைக்கும்தான். "டீச்சர், தீ எங்கே?" என்று ஒரு பெண் கேட்டாள். "அது நிவேதா வேலை" என்றேன். அதன் பிறகு யாரும் தீயைப் பற்றிக் கேட்கவில்லை. அன்று மத்தியானம் அதைக் கண்ணாடியின் வெளிப்பக்கம், அவள் கட்டிலில் உட்கார்ந்தால் கை எட்டுகிற உயரத்தில் ஒட்டினேன். உள்ளே நிவேதா மருந்தில் முடியெல்லாம் கொட்டி, தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் இந்தப் பக்கம் விரலை வைத்து இடம் காட்டினேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, சரியாகத் திரியின் நுனியில், உள்பக்கம் சுடர் போட்டாள். நீல மார்க்கர் என்பதால் நீலச் சுடர்.

வராந்தாப் பக்கத்துப் போனை எடுத்து, "தீ நீலமா இருந்தாப் பரவால்லியா பிள்ளே?" என்றேன்.

"கேஸ் அடுப்பு நீலமாத்தானுங்க டீச்சர் எரியுது" என்றாள்.

தினம் காலையில் துடைக்கிறவர் வந்து சுடரைத் துடைத்துவிட்டுப் போவார். அவர் கதவைச் சாத்துவதற்குள் மார்க்கருக்குக் கை நீட்டுவாளாம். அதை அவள்தான் போட வேண்டும், அம்மா போட்டால் அழுகுணி ஆட்டம் என்று முதல் நாளே சட்டம் போட்டுவிட்டாள். நான் பள்ளிக்கூடம் விட்டுப் போகிற நாட்களில் முதலில் கண்ணாடியைத்தான் பார்ப்பேன், அவள் முகத்தை அப்புறம்தான். சுடர் எரிந்தால் அன்றைக்குப் பிள்ளை எழுந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று அர்த்தம்.

இரண்டாம் வாரம் இரண்டு மெழுகுவர்த்தி. அந்த வாரம்தான் தம்பியின் மஜ்ஜை, ஒரு சின்னப் பையில், சொட்டுச் சொட்டாக அவளுக்குள் இறங்கியது. அதற்குப் பிறகு அவள் கீழே கீழே போனாள். வாய் முழுக்கப் புண், எச்சில் விழுங்க முடியவில்லை. போன் கொக்கியிலேயே தொங்கியது. சுடரைத் தவிர அவளிடமிருந்து எங்களுக்கு ஒரு பேச்சும் இல்லை. மூன்றாம் ஞாயிறு ரோஸ் மெழுகுவர்த்தி, சந்தோஷத்துக்கான வாரம். நான் ஒட்டினேன். அவள் படுத்தபடி பார்த்தாள், கை எழவில்லை.

அதற்கு மறுநாளும் சுடர் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கண்ணாடியில் மூன்று காகித மெழுகுவர்த்தி வெறுமனே நின்றது. சாந்தி உள்ளிருந்து போனில் பேசினாள்.

"காய்ச்சல் எறங்கலைங்க டீச்சர். நான் போடட்டுமா கண்ணுன்னு கேட்டேன். மூஞ்சியத் திருப்பிக்கறாளுங்க. தம்பியோடது இன்னும் புடிக்கலைன்னு டாக்டர் சொல்றாரு."

பிள்ளை போய்விடுவாளோ என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக நினைத்தேன். ஜெபம்கூட வரவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். மெத்தை ஓரத்தில், கண்ணாடியை ஒட்டி அவள் கை கிடந்தது. விரல்கள் மட்டும் லேசாக அசைந்தன. மெழுகுவர்த்திகள் அந்தக் கைக்கு எங்கேயோ மேலே இருந்தன.

மூன்றையும் உரித்தேன். வராந்தாத் தரையில் முட்டி போட்டேன். என் முட்டிக்கு டெல்லிக் குளிரில் மடங்குகிற பழக்கம் கிடையாது, ஆனாலும் போட்டேன். திரி அவள் விரலுக்கு நேராக வருகிற மாதிரி, மெத்தை மட்டத்துக்கு இறக்கி மூன்றையும் ஒட்டினேன். சிஸ்டர் அன்னம்மா அந்த வழியாக வந்தவர், "எந்தா டீச்சரே, தரையில?" என்றார். நான் டேப்பின் ஓரத்தை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, என்னைச் சுற்றிக்கொண்டு நடந்து போனார்.

சாந்தி மார்க்கரின் மூடியைத் திறந்து மகளின் விரலிடுக்கில் வைத்தாள். பிள்ளை கண்ணைத் திறந்து மெழுகுவர்த்திகளைப் பார்த்தாள், பிறகு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் மார்க்கர் நகர்ந்து கண்ணாடியைத் தொட்டது. ரோஸ் மெழுகுவர்த்தியின் திரியில் ஒரு நீலப் புள்ளி. கடுகளவு இருக்கும். அதைப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டாள். நான் அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

பிறகு நானும் சாமுவேல் சாரும் முறை வைத்துக்கொண்டு போனோம். அவர் போன நாட்களில் சாயங்காலம் போன் வரும். நலமா என்றெல்லாம் கேட்க மாட்டார். "இன்னைக்கு ரெண்டு புள்ளி" என்பார். ஒரு நாள் "ஒண்ணுதான்" என்றார், அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கடுத்து, "ஒண்ணு புள்ளி, ஒண்ணு கோடு, ஒண்ணு பாதித் தீ" என்றார். அவர் உடனே தொண்டையைச் செருமி, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

நாலாவது ஞாயிறு வகுப்பில் கடைசி ஊதா மெழுகுவர்த்தியைப் பிள்ளைகள் போட்டி போட்டு வெட்டினார்கள். அதை எடுத்துக்கொண்டு நானும் சாரும் போனோம். வாசலிலேயே சிஸ்டர் அன்னம்மா எதிரே வந்தார்.

"டீச்சரே, கவுண்ட் கயறித் தொடங்கி. தம்பிக்காரன் பிடிச்சு" என்றார். ரத்த அணுக்கள் ஏறத் தொடங்கிவிட்டன, தம்பியின் மஜ்ஜை பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

நான் நேரே போய் முட்டி போட்டு, மற்ற மூன்றுக்கும் பக்கத்தில், மெத்தை மட்டத்தில் டேப்பை எடுத்து ஒட்டப் போனேன். டொக் டொக்கென்று கண்ணாடியில் சத்தம். நிமிர்ந்தால் நிவேதா எழுந்து உட்கார்ந்திருக்கிறாள், காதில் போன். நான் என் பக்கத்துப் போனை எடுத்தேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் குரல், கரகரவென்று, பாதிக் காற்றாக வந்தது.

"அங்க வேண்டாங்க டீச்சர். மேல ஒட்டுங்க."

முதலில் இருந்த உயரத்தில் வைத்துக் காட்டினேன். தலையை ஆட்டினாள்.

"இன்னும் மேல."

அவள் தலைக்கு நேராக வைத்தேன். அதற்குள் ஒரு கையால் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு மெத்தை மேலேயே எழுந்து நின்றுவிட்டாள். சாந்தி பதறிப்போய் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பின்னாலிருந்து சிஸ்டர், "ஏய் குட்டி, கட்டில்ல நிக்காதே, இரிக்கு" என்று கண்ணாடியைத் தட்டினார். நிவேதா இரண்டு பேரையும் சட்டை செய்யவில்லை, மார்க்கரைத் தலைக்கு மேலே நீட்டிக் கண்ணாடியில் இடம் காட்டினாள். நான் எம்பி எம்பிப் பார்த்தேன், எட்டவில்லை. சாமுவேல் சார் மெழுகுவர்த்தியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அவருடைய ஆறடிக்கும் கை தூக்கி வைத்துப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் மேலங்க தாத்தா" என்றது போன்.

சாமுவேல் சார் வராந்தா நாற்காலியை இழுத்துப் போட்டார். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு அதன் மேல் ஏறினார்.